கல்முனையில் ஓர் எண்ணெய்க்கடை: நல்லெண்ணெய் நன்று, மற்றவை வெயிலில்

கல்முனைச் சந்தைக்கு அருகில் உள்ள ஓர் எண்ணெய்க்கடையில் மூன்று மாதங்களாக வாங்கி வருகிறேன். இங்கு சொல்லும் குறை வேறு பல கடைகளிலும் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

நல்லெண்ணெயில் குறையே இல்லை. எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள். வறுக்கும்போது எள்ளில் உள்ள சிசமோலின் சிதைந்து சிசமோல் என்ற வலுவான ஆக்சிசனேற்றத் தடுப்பியை, அதாவது எண்ணெய் ஆக்சிசன் பட்டுக் காறாமல் காக்கும் பொருளைத் தருகிறது. இரண்டு மாதம் கழித்துத் தோசைக்கு விட்டபோதும் மணம் மாறவில்லை.

சூரியகாந்தி எண்ணெய்தான் ஏமாற்றியது. காலாவதித் திகதிக்கு எட்டு மாதம் இருந்தும், தாச்சியில் சூடேறியவுடன் பழைய பெயின்ற் போன்ற நெடி எழுந்தது. அன்றைய வடையை எவரும் தொடவில்லை. கேட்டதற்குக் கடைக்காரர், "மருந்து போட்டுத்தானே வருது, பழுதாகாது தம்பி" என்றார். அவர் சொன்ன மருந்து, சுட்டுத்துண்டில் 319 என்ற உணவுச் சேர்க்கை எண்ணால் குறிக்கப்பட்டுள்ள டிபிஎச்கியூ என்ற ஆக்சிசனேற்றத் தடுப்பி. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளுக்கு அருகில் ஆக்சிசன் தாக்கும்போது, ஒன்று அடுத்ததைக் கெடுக்கும் சங்கிலி தொடங்குகிறது. அந்தச் சங்கிலியைத் தன் ஐதரசன் அணுவைக் கொடுத்து அறுப்பதுதான் டிபிஎச்கியூவின் வேலை. கொடுத்துக் கொடுத்து அது தீர்ந்துபோகும். தெருவைப் பார்த்த தட்டில், பிற்பகல் வெயிலில், நிறமற்ற போத்தல்களை அடுக்கி வைத்தால் அது விரைவில் தீரும்.

உதிரியாக விற்கும் தேங்காய் எண்ணெயைப் பித்தளை அகப்பையால் அள்ளுகிறார்கள். இரட்டைப் பிணைப்பு இல்லாத நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த அந்த எண்ணெய் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், பித்தளையில் உள்ள செம்பு மிகச் சிறிதளவு கலந்தாலே ஆக்சிசனேற்றம் வேகமெடுக்கும். போத்தல் எண்ணெயில் 330 என்ற சிற்றிக் அமிலம் சேர்ப்பதே இத்தகைய உலோகத்தைப் பிடித்து வைக்கத்தான். உதிரி எண்ணெய்க்கு அந்தக் காவல் இல்லை.

மாஜரினும் வாங்கினேன். அதில் 322 என்றிருப்பது லெசித்தின். நீரையும் கொழுப்பையும் பிரியவிடாமல் வைக்கும் பால்மமாக்கியான அது, உலோகங்களைப் பிடித்தும் விற்றமின் ஈ வகையான டொகோபெரோலுக்குத் துணைநின்றும் கொழுப்பு காறாமல் ஓரளவு காக்கிறது. குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்துத் தந்ததால் அதில் குறை காணவில்லை.

நல்லெண்ணெய்க்காக மட்டும் இந்தக் கடைக்குப் போகலாம். கடந்த வாரம் போனபோது, நான் சொன்னதன் பேரில் அகப்பையை எவர்சில்வருக்கு மாற்றியிருந்தார். போத்தல்கள் மட்டும் அதே வெயிலில் நின்றன.