899 ரூபாய்க்கு 22 கேசினோ ஆட்டங்கள்: வாங்கப் போகிறவர்களுக்கு

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். பந்தயம் கட்டி ஆடும் பழக்கம் எனக்கு இல்லை. நிகழ்தகவு வகுப்பில் கணித எதிர்பார்ப்பை (நீண்ட ஓட்டத்தில் கிடைக்கும் சராசரியை) விளக்கும்போதெல்லாம், நாணயத்தையும் பகடையையும் விட்டால் வேறு எடுத்துக்காட்டே கிடையாதா என்று மாணவர்கள் சலித்துக்கொள்வதால், உண்மைப் பணம் புழங்காமல் ரூலெட் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்ற பந்தயம்), பிளாக்ஜாக் (சீட்டுகளின் கூட்டுத்தொகையை 21ஐத் தாண்டாமல் அதன் அருகே கொண்டுவரும் ஆட்டம்), வீடியோ போக்கர் (இயந்திரத்தோடு ஆடும் ஐந்து சீட்டு ஆட்டம்) மூன்றையும் திரையில் காட்டக்கூடிய கணினி விளையாட்டுத் தொகுப்பு ஒன்றைத் தேடி, சென்ற மாதம் 899 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெளியிட்ட நிறுவனத்தின் மீது நான் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை என்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

விற்பனைப் பக்கத்தில் மூன்று உறுதிமொழிகள் இருந்தன: 22 ஆட்டங்கள், அசல் லாஸ் வேகாஸ் விதிகள், ஒரே தடவை விலை. முதல் உறுதிமொழி பத்து நிமிடத்தில் கரைந்துவிட்டது. பழம், பிரமிடு, டிராகன் என்று படம் மட்டும் மாறிய ஸ்லாட் இயந்திரங்கள் ஒன்பதையும் ஒன்பது ஆட்டங்களாக எண்ணியிருந்தார்கள். வீடியோ போக்கரில் நான்கு, பிளாக்ஜாக்கில் மூன்று, எண் குலுக்கலான கீனோவில் இரண்டு, ரூலெட்டில் இரண்டு என்று கணக்கை நிரப்பியிருந்தார்கள். பகடை ஆட்டமான கிராப்ஸையும் சீட்டாட்டமான பக்காராவையும் சேர்த்து, உருப்படியாக ஏழு ஆட்டங்கள் தேறும். சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் பந்தியில் உட்காருபவனை இரண்டு விருந்தாளியாக எண்ணுவது போன்ற கணக்கு இது. இருந்தாலும் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கு வேண்டியது விதிகள்தான்.

அந்த விதிகளில்தான் உண்மையான மோசடி இருந்தது. வீடியோ போக்கர் இயந்திரத்தின் தாராளமும் கஞ்சத்தனமும் அதன் திரையின் மேற்புறத்தில் உள்ள பரிசுப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ வகையில் ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு, வேறொரு மதிப்பில் இரண்டு) கட்டியதைப் போல் 9 மடங்கும், ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) 6 மடங்கும் கொடுக்கும் இயந்திரத்தில் பிழையின்றி ஆடுபவருக்கு, நீண்ட ஓட்டத்தில், கட்டிய பணத்தில் 99.54 சதவீதம் திரும்பி வரும். நான் வாங்கியதில் அந்த இரண்டு கட்டங்களிலும் 6, 5 என்று இருந்தது. அப்படிப்பட்ட இயந்திரம் திருப்பித் தருவது சுமார் 95 சதவீதம். அதாவது 1,000 சில்லுகளை (கேசினோவில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டுகளை) கட்டி ஆடினால் சராசரியாக 5 சில்லுகள் குறைய வேண்டிய இடத்தில் 50 குறைகின்றன. பிளாக்ஜாக்கிலும் இதே கைவரிசைதான். முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுந்தால் 10 சில்லுக்கு 15 கிடைப்பது பழைய முறை. இங்கே 12 மட்டுமே கிடைக்கிறது. இருபத்தொரு கைக்கு ஒரு முறை விழும் சீட்டு என்பதால், இந்த ஒரு மாற்றமே கேசினோவின் சாதகத்தை (கட்டிய பணத்தில் சராசரியாக அதற்குப் போகும் பங்கை) ஏறத்தாழ 1.4 சதவீதப் புள்ளி கூட்டிவிடுகிறது. லாஸ் வேகாஸிலும் இப்படிப்பட்ட மேசைகள் இன்று ஏராளம் என்று நிறுவனம் வாதாடலாம், அது பொய்யில்லை. ஆனால் அந்த ஊரில் எழுந்து போய் வேறு மேசையில் உட்காரலாம். இங்கே வேறு மேசை கிடையாது.

ரூலெட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். விளம்பரப் படத்தில் சுழல்வது ஒற்றைப் பூச்சியம் உள்ள, 37 குழிகள் கொண்ட ஐரோப்பியச் சக்கரம். அதில் கேசினோவின் சாதகம் 2.70 சதவீதம். விளையாட்டைத் திறந்தால் கிடைப்பது இரட்டைப் பூச்சியமும் சேர்ந்த, 38 குழிகள் கொண்ட அமெரிக்கச் சக்கரம், சாதகம் 5.26 சதவீதம். ஐரோப்பியச் சக்கரம் 50,000 சில்லு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும் அறையில் இருக்கிறது, தொடக்கத்தில் கொடுப்பதோ 1,000 சில்லு.

வெறும் திரைச் சில்லுக்கு எதற்கு இவ்வளவு கஞ்சத்தனம் என்ற என் கேள்விக்கு முதல் நாள் இரவே விடை கிடைத்தது. சில்லுகள் தீர்ந்ததும் ஒரு பெட்டி திறந்து, உண்மை ரூபாய்க்குச் சில்லு மூட்டைகளை விற்றது. ஒரே தடவை விலை என்ற வரிக்குக் கீழே, பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில் இந்தச் செய்தி இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். வெல்லும் சில்லைக் காசாக மாற்ற முடியாது, ஆகவே இது சூதாட்டம் ஆகாது என்பதே இத்தகைய விளையாட்டுகளின் வழக்கமான வாதம். இதே வகை விளையாட்டான பிக் ஃபிஷ் கேசினோ மீதான வழக்கில் 2018 மார்ச்சில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை; சில்லு இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடர முடியும் என்பதால், வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அதுவும் மதிப்புள்ள பொருளே என்றது. 2020இல் அந்தத் தகராறு 15.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு இங்கே உதவாது.

இத்தனை படித்தவன் விமர்சனங்களைப் பார்க்காமலா வாங்கினாய் என்று என் மனைவி கேட்டார். பார்த்தேன், அங்கேயும் ஏமாந்தேன். விற்பனைப் பக்கத்தில் மூன்று விமர்சகர்களின் பாராட்டு வரிகள் இருந்தன. மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது, இரண்டு கட்டுரைகள் சில்லு விற்பனையே இல்லாத பழைய பதிப்பைப் பற்றியவை என்று தெரிந்தது. மூன்றாவது கட்டுரையாளர், மேசைகளின் படவேலை அழகாக இருக்கிறது என்று தொடங்கி, எதிராளிகளுக்கு ஆடத் தெரியவில்லை என்று அதே வாக்கியத்தை முடித்திருந்தார். பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது முதல் பாதி மட்டும். விமர்சகர்களின் மதிப்பீடுகளைத் தொகுத்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் மதிப்பெண் வர குறைந்தது நான்கு விமர்சனங்கள் வேண்டும். இந்தத் தொகுப்புக்கு அது இல்லை. மதிப்பெண் இல்லாததை நான் புதிய வெளியீட்டின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் பலவும் அரை மணி நேரம்கூட ஆடாதவர்கள் எழுதியவை. சில்லு தீர்வதற்கு முன் எவருக்கும் குறை தெரியாது.

விமர்சகர்கள் இந்த வகையை மட்டம் தட்டுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இழக்கப் பணம் இல்லாத சூதில் பதற்றம் இல்லை. அந்த வெற்றிடத்தை விளையாட்டே நிரப்ப வேண்டும். 1993இல் ஹால் லேபரட்டரி உருவாக்கி நிண்டெண்டோ வெளியிட்ட ‘வேகாஸ் ஸ்டேக்ஸ்’ என்ற கேசினோ விளையாட்டு 1,000 டாலரைக் கையில் கொடுத்து ஒரு கோடி டாலரை இலக்காக வைத்தது. நடுவே முன்பின் தெரியாதவர்கள் வந்து பேச்சுக் கொடுப்பார்கள், சிலர் நம் பணத்தோடு போய்விடுவார்கள். அங்கே ஏமாற்றுக்காரர்கள் கதைக்குள் இருந்தார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது கடை மறுத்தது. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் என்பது அதன் விதி. கடையை நான் குறை சொல்ல மாட்டேன். விளையாட்டு ஒரு மணி நேரம் திறந்திருந்தால் 200 சில்லு இலவசம் என்று திரையில் வந்ததால், அதைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கணக்கில் 9 மணி நேரம் ஏறியிருந்தது. வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இலவசச் சில்லைத் தொடாமல், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பரிசுப் பட்டியலைப் பார்த்து முடிவெடுங்கள்.

வெளியீட்டு நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதிய கடிதத்துக்கு எட்டாம் நாள் பதில் வந்தது. என் ஏமாற்றத்துக்கு வருந்துவதாகவும், ஈடாக 5,000 சில்லுகளை என் கணக்கில் சேர்த்திருப்பதாகவும், 72 மணி நேரத்துக்குள் ஆடாவிட்டால் அவை காலாவதியாகிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள்.