ஹோம் தியேட்டர் அலமாரி: பிளைவுட்டா, எம்.டி.எஃப்-ஆ?

ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), செட் டாப் பாக்ஸ் எல்லாம் வைக்க அலமாரி செய்யலாம் என்று ஆசாரியைக் கூப்பிட்டால், முதலில் எழும் கேள்வி இது. பிளைவுட் என்பது மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை; எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. இரண்டுமே 18 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம்.

செலவு: எம்.டி.எஃப். மலிவு. பிளைவுட்டுக்கு மைக்காவும் ஒட்டும் கூலியும் சேரும்.

எடை: ரிசீவரே பத்து கிலோ வரும். எம்.டி.எஃப். தட்டு நாளாக நாளாக நடுவில் தொய்யும். இரண்டடிக்கு மேல் நீளம் என்றால் நடுவில் தாங்கல் வேண்டும். பிளைவுட் அவ்வளவு சீக்கிரம் வளையாது.

ஸ்க்ரூ: என் வீட்டு எம்.டி.எஃப். கதவில் கீலை இரண்டாம் முறை கழற்றி மாட்டியபோது, ஓட்டையிலிருந்து பொடி பொடியாகக் கொட்டியது. அப்புறம் ஸ்க்ரூ பிடிக்கவே இல்லை. பிளைவுட்டில் அடுக்குகள் இறுக்கிப் பிடிக்கும்.

ஈரம்: வீடு துடைக்கும் தண்ணீர் அடியில் பட்டுக்கொண்டே இருந்தால் சாதாரண எம்.டி.எஃப். ஊதிவிடும். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 303 (பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையும், ஈரத்தைத் தாங்கும் ரகம் என்பதைக் காட்டும் பி.டபிள்யூ.ஆர். (BWR) என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள்.

பெயின்ட்: இதில் எம்.டி.எஃப்-தான். வழவழவென்று வரும்.

பல வருடம் உழைக்க வேண்டும் என்றால் பெட்டியும் தட்டும் பிளைவுட். வாடகை வீடு, சின்ன சாமான்கள் என்றால் எம்.டி.எஃப். போதும். எதுவானாலும் ரிசீவருக்கு மேலே நான்கு விரல் இடைவெளி, பின்பலகையில் வயர் போகவும் சூடு வெளியேறவும் பெரிய ஓட்டை, இரண்டையும் மறக்காமல் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.