ஆக்சிஜன் சென்சார் மாற்றியதாக பில் போட்டார்கள், ஸ்பேனரே படவில்லை

மேட்டில் ஏறினால் ஜெர்க், பிக்கப் இல்லை, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுகிறது. இந்தக் குறையோடு ஒர்க்‌ஷாப்பில் விட்ட நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு வந்த பில்: ஸ்கேனிங் 800, ஆக்சிஜன் சென்சார் 5,600, ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரீசெட் 1,500, லேபர் 1,500. மொத்தம் 9,400 ரூபாய். லைட் அணைந்து வந்த வண்டி அடுத்த ஃப்ளைஓவரிலேயே மறுபடி மின்னியது. போயிருந்தது, பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் ஒரே ஒரு இக்னிஷன் காயில்.

ஸ்கேனர் திரையில் சென்சார் வோல்டேஜைக் காட்டி, “பாருங்க சார், மேலே ஏறவே மாட்டேங்குது, சென்சார் வீக்” என்றார்கள். எக்ஸாஸ்ட்டில் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன்னால் இருக்கும் சாதாரண சென்சார் என்றால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதில் செலவாகாத ஆக்சிஜன் அப்படியே எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். சென்சார் அளப்பது ஆக்சிஜனை, எரியாத பெட்ரோலை அல்ல. அதனால் வோல்டேஜ் கீழேயே கிடக்கும். சென்சார் உள்ளதைத்தான் சொன்னது. தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தேவா என்ற சந்தேகம், சென்சாரைக் குனிந்து பார்த்ததும் தீர்ந்தது. புது சென்சாரின் அறுகோணத் தலை பளிச்சென்று இருக்கும், மரையோரம் பேஸ்ட் தெரியும். இதிலோ தலை முழுக்கப் பழைய துரு, 22 மி.மீ. ஸ்பேனர் பட்டிருந்தால் விளிம்பில் விழ வேண்டிய கீறல் ஒன்றுகூட இல்லை. கனெக்டர் லாக்கில் படிந்த தூசியும் கலையவில்லை.

‘ஈசிஎம் ரீசெட்’ என்பது, அதில் பதிந்த கோளாறு எண்ணை (கோடு) அழிக்கும் ஒரே ஒரு பட்டன். 1,500 ரூபாய்க்கு அதில் வேலையே கிடையாது. பல வகைக் கோளாறுகளில், அதே கோளாறு அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் தெரிந்தால்தான் லைட் எரியும் என்பதால், அழித்த வண்டி, இதைப் போல உடனே மின்னாவிட்டால், கொஞ்ச நாள் நல்ல பிள்ளையாக ஓடும். கோடுகளைப் படிக்கும் ஓபிடி போன் ஆப்பில் ‘கோடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு கணக்கு உண்டு, பல வண்டிகளில் தெரியும். ரெடினஸ் (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகளின் நிலை) பக்கத்தில் கேட்டலிஸ்ட் (கன்வெர்டர்), ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் ‘முடியவில்லை’ என்று நிற்கும். சரியாகப் பழுது பார்த்தவரும் கோடை அழிப்பார், பேட்டரியைக் கழற்றினாலும் இப்படித்தான் காட்டும், எனவே இது மட்டும் குற்றச்சாட்டுக்குப் போதாது. ஆனால் லைட் அணைந்ததைப் பழுது நீங்கியதற்குச் சாட்சியாக ஏற்காதீர்கள்.

வண்டியை விடும் முன் வீட்டிலேயே கோடைப் படித்துவிடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டு அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் புளூடூத் அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் செய்து, போனில் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் (கோளாறு பதிந்த நொடியின் இன்ஜின் விவரம்) ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எடுக்கும் முன் எதையும் அழிக்க வேண்டாம், ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே போய்விடும். இந்த வண்டியில் இருந்தது பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் (சரியாக எரியாமல் விடுவது). ஃப்ரீஸ் ஃப்ரேமில் இன்ஜின் சூடு, லோடு அதிகம். லோடில் மட்டும் விடுகிறது என்றால் காயில் மேலும் பிளக் மேலும்தான் முதல் சந்தேகம்.

சோதனைக்குச் செலவே இல்லை. இன்ஜின் ஆறிய பிறகு, சாவி ஆஃபில், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் காயில்களை இடம் மாற்றுங்கள். பெரும்பாலும் ஆளுக்கொரு 10 மி.மீ. போல்ட்தான். கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்; சூட்டில் வெந்து கிடக்கும் பிளாஸ்டிக் லாக் பட்டென்று உடையும். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான். பி0302 ஆகவே வந்தால் அடுத்து பிளக்குகளை இதே போல மாற்றிப் பாருங்கள். பிளக்கைக் கையால் மரையில் ஏற்றிவிட்டுப் பிறகே ஸ்பேனர் போட வேண்டும், அலுமினிய ஹெட் மரை போனால் செலவு வேறு மாதிரி. பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் வால்வு கவர் சீலைப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ, அது வீட்டு வேலை இல்லை.

லைட் மின்னும்போது வண்டியை விரட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருக்கும் செராமிக்கையே உருக்கிவிடும். பிறகு கன்வெர்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பி0420 கோடு வரும், அதற்கான பில்லோடு ஒப்பிட்டால் இந்த 9,400 ஒன்றுமே இல்லை. கன்வெர்டரை மாற்றச் சொன்னால் பழையதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கும், சும்மா விட்டுவிட்டு வர வேண்டாம்.

எந்த பார்ட் ஆனாலும் பழையது கையில், புதியதன் பார்ட் நம்பர் ஜிஎஸ்டி பில்லில், கழற்றும் முன் எடுத்த கோடு ஸ்க்ரீன்ஷாட். இந்த மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். மேலே சொன்ன பில்லில் பார்ட் நம்பர் இல்லை. துருப்பிடித்த சென்சார் படத்தைக் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போகப்போவதாகச் சொன்ன பிறகு சென்சார் பணம் 5,600 திரும்பியது. ஸ்கேனிங், ரீசெட், லேபர் மூன்றும் வரவில்லை.