பிக்கோவும் 18650 செல்லும்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, பிக்கோவுக்கு லித்தியம் செல்லை நேரா கொடுக்கலாமா? ரெண்டு ஒயர்தானே?" பிக்கோ என்பது நிரல் எழுதி ஓட்டும் ஒரு சின்ன போர்டு. கொடுக்கலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. மொட்டை மாடியில் மூன்று வருடமாக ஓடும் என் பெட்டி நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

தொட்டி மண்ணின் ஈரத்தை அளக்கும் பெட்டி அது. உள்ளே ராஸ்பெர்ரி பை பிக்கோ, ஒரு 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்), அதைச் சார்ஜ் போட டிபி4056 சார்ஜர் மாட்யூல். பிக்கோவை எடுத்ததற்கு ஒரே காரணம் 39வது பின், அதாவது போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வி-சிஸ் முனை. அதில் 1.8 முதல் 5.5 வோல்ட் வரை எது வந்தாலும் போர்டில் இருக்கும் பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை இறக்கவும் ஏற்றவும் தெரிந்தது) அதைப் போர்டுக்குத் தேவையான 3.3 ஆக்கிவிடுகிறது. இறக்க மட்டும் தெரிந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் போட்ட போர்டுகளில் இது நடக்காது. அந்த ரெகுலேட்டரே ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும் செல்லிலிருந்துகூட 3.3 ஒழுங்காக வராது. பிக்கோ கடைசிச் சொட்டு வரை குடிக்கும். இந்த விலையில் இப்படி ஒரு வசதியா என்று முதல் மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அந்தக் கடைசிச் சொட்டில்தான் மாட்டிக்கொண்டேன். லித்தியம் செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது, பல செல்களுக்கு 2.5தான் அடிமட்டம். பிக்கோ அதையும் தாண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். நான் வாங்கிய மாட்யூலில், செல் அளவு மீறி இறங்கினால் இணைப்பை வெட்டும் பாதுகாப்புச் சிப் இல்லை. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து மீட்டர் வைத்தால் 1.9 வோல்ட். அவ்வளவு ஆழம் போன செல்லுக்குள் தாமிரம் கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். மனசே இல்லாமல் மின்கழிவில் சேர்த்தேன். மாட்யூல் வாங்கும்போது செல்லுக்கான இரண்டு முனை மட்டும் இருந்தால் வேண்டாம். அவுட் பிளஸ், அவுட் மைனஸ் என்று தனி முனை உள்ளதில்தான் பெரும்பாலும் டிடபிள்யூ01 என்ற அந்தப் பாதுகாப்புச் சிப் இருக்கும். அதுவும் 2.4 வோல்ட்டில்தான் வெட்டும். அதனால் நிரலிலும் ஒரு எல்லை வைத்தேன். பிக்கோவின் ஜிபிஐஓ29 என்ற உள்ளீட்டில் வி-சிஸ் மின்னழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும், அதைப் படித்து, வி-சிஸ் 3.2-க்குக் கீழே போனால் பிக்கோ தூங்கப் போய்விடும்.

இதெல்லாம் ஒருமுறை செய்தால் முடிந்தது. யூஎஸ்பி விஷயம்தான் இன்று வரை எரிச்சல். கேபிளைச் செருகினால் போர்டிலுள்ள டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) வழியாக வி-சிஸ்ஸில் ஏறக்குறைய 4.7 வோல்ட் வந்து நிற்கும். செல் நேராக அங்கே இருந்தால் கட்டுப்பாடே இல்லாத சார்ஜ்! 4.2-க்கு மேல் லித்தியம் செல்லை ஏற்றுவது தீயோடு விளையாடுவது. செல்லுக்கும் வி-சிஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஷாட்கி டயோடு, 1என்5817 போதும், கோடு போட்ட முனை போர்டு பக்கம். இது காசு விஷயம் இல்லை, பாதுகாப்பு. சோதனைக்காகப் புதிதாக வயர் செய்யும் ஒவ்வொரு தடவையும் இதை மறந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே கேபிளை எடுக்கிறேன். பக்கத்துப் பின் 40 வேறு, அது யூஎஸ்பியின் 5 வோல்ட். ஒரு பின் தள்ளிச் செருகி டயோடையும் மறந்தால் அந்த 5 வோல்ட் நேராகச் செல்லுக்குப் போகும்.

நியாயமாகச் சொன்னால், பிக்கோ சார்ஜரோடு வரும் போர்டு அல்ல, அப்படி விற்கப்படவும் இல்லை. மூன்று கோடையிலும் ஒருநாள்கூடப் பழுதாகி நின்றதில்லை. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 45 டிகிரி தாண்டும் என்பதால் செல்லை மட்டும் கழற்றிக் கீழே கொண்டுவந்து சார்ஜ் போடுகிறேன்.

இவ்வளவு பாராட்டியும் அவளிடம் லித்தியமே வேண்டாம் என்றேன். மூன்று ஏஏ ரீசார்ஜ் செல், ஒரு ஹோல்டர், அதே டயோடு. "உங்க பெட்டியில மட்டும் 18650 இருக்கே?" என்றாள். இருக்கிறது. அவள் விடுதி அறையில் இருக்க வேண்டாம்.