வாத்தியாருக்குச் சம்பளம் யார் தருவது? அயல்நாட்டு அரசுகளும் நம் பள்ளிகளும்

2015இல் தென்னாப்பிரிக்கக் கல்வித்துறை சீன மொழியான மாண்டரினைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதாக அறிவித்தது. இது புதிய காலனியாதிக்கம் என்று ஆசிரியர் சங்கமான சாட்டு எதிர்த்தது. மாண்டரின் இடம்பெற்ற அந்த விருப்பமொழிப் பட்டியலில்தான் தமிழும் தெலுங்கும் உருதுவும் இருக்கின்றன. அதனால் அயல்நாட்டு அரசுகளின் கையைக் கல்விக்கூடங்களிலிருந்து விலக்கி வைக்க இங்கே, தென்னாப்பிரிக்காவில், ஒரு சட்டம் வந்தால், அது சீனாவோடு நிற்காது. இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நமக்கு வரும் புத்தகம், உதவித்தொகை, வருகைப் பேராசிரியர் எல்லாவற்றையும் தொடும். மற்ற நாடுகள் எடுத்த வழிகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இங்கே ஸ்டெல்லன்பாஷ், ரோட்ஸ், கேப் டவுன் பல்கலைக்கழகங்களிலும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சீன அரசின் ஆதரவோடு சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிலையங்கள் அமைந்தன. உலகெங்கும் இவற்றின் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். இடமும் ஓர் உள்ளூர் இயக்குநரும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஆசிரியர்களையும் பணத்தையும் பாடநூலையும் சீனத் தரப்பு தரும். சீனம் கற்றுக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான் சிக்கல். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2013இல் தன் நிலையத்தை மூடியதற்குக் காரணமே அதுதான். சீனாவில் தடைசெய்யப்பட்ட ஆன்மிக இயக்கமான ஃபாலுன் காங்கைப் பின்பற்றுபவர்கள் ஆசிரியராக முடியாது என்று பெய்ஜிங் தரப்பு வைத்த நிபந்தனை, கனடா வளாகத்துக்குள் பாகுபாடாக வந்து நின்றது.

முதல் வழி, முழுவதுமாக மூடிவிடுவது. ஸ்வீடன் 2020க்குள் எல்லா நிலையங்களையும் மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019இல் 13 அரசுப் பள்ளிகளிலிருந்து கன்பூசியஸ் வகுப்புகளை எடுத்தது. அங்கே நிலையம் மாநிலக் கல்வித்துறைக்குள்ளேயே இயங்கியது. அரசியல் தலையீடு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதான் ஆய்வு சொன்னது. ஆனாலும் அயல்நாட்டு அரசு நியமித்தவர்கள் ஒரு கல்வித்துறைக்குள் உட்கார்ந்திருப்பதே தவறான தோற்றம் தரும் என்று முடிவெடுத்தார்கள். அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். தலையீடு நடந்த பிறகுதான் விழிக்க வேண்டும் என்றில்லையே.

அமெரிக்கா இதையே பணத்தின் வழியாகச் செய்தது. நிலையம் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்குச் சீன மொழிப் படிப்புக்கான பாதுகாப்புத்துறை நிதி கிடையாது என்று 2018இல் சட்டம் போட்டார்கள். சுமார் 100 இருந்த இடத்தில் 2023க்குள் ஐந்துக்கும் குறைவாகிவிட்டது. ஆனால் பணக்கார நாட்டில் ஒரு நிலையம் போனால் வேறு நிதி தேடிக்கொள்ளலாம். டர்பனில் என்ன ஆகும்? டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இயங்கிய இந்திய மொழிகள் துறையே நிலைக்கவில்லை. மூடும் சட்டம் மட்டும் வந்து மாற்றுப் பணம் வராவிட்டால், முதலில் காய்வது நம்மைப் போன்ற சின்ன மொழிகள்தான்.

இரண்டாவது, அமைச்சரின் கையில் ரத்து அதிகாரம். ஆஸ்திரேலியாவின் 2020 சட்டப்படி மாநிலங்களும் அரசுப் பல்கலைக்கழகங்களும் அயல்நாட்டு அரசுகளோடு போட்ட ஒப்பந்தங்களை வெளியுறவு அமைச்சர் ரத்து செய்யலாம். 2021இல் விக்டோரியாவின் நான்கு ஒப்பந்தங்கள் ரத்தாயின. பேசப்பட்டவை சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தைச் சேர்ந்த இரண்டும்தான். மற்ற இரண்டு, 1999இல் சிரியாவோடும் 2004இல் ஈரானோடும் போட்ட கல்வி உடன்படிக்கைகள்! இந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைய அமைச்சருக்கு எந்த நாடு நண்பன் என்பதைப் பொறுத்து வகுப்பறை ஆடக்கூடாது. நம் அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு கல்விச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லிக் காக்கிறது. ஓர் அமைச்சரின் கையெழுத்துக்கு அதை விட்டுவிட முடியாது.

மூன்றாவது, வெளிப்படையாகச் சொல்ல வைப்பது. அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி, ஒரே வெளிநாட்டு மூலத்திலிருந்து ஆண்டுக்கு 2,50,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் கல்லூரி அறிவிக்க வேண்டும். 1986இலிருந்தே உள்ள விதி. பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2019இல் கல்வித்துறை விசாரணை தொடங்கியதும், அதுவரை சொல்லாமல் விட்ட 650 கோடி டாலர் வெளியே வந்தது. விதி நல்லதுதான், கேட்க ஆள் இல்லாவிட்டால் வெறும் காகிதம். அப்புறம் இன்னொரு குறை: அது தொகையின் அளவை வைத்தே பார்க்கிறது. சம்பளம் அங்கிருந்தே நேரடியாகப் பெறும் ஓர் ஆசிரியர் வகுப்பில் நின்றால் அந்த வரம்புக்குள் சிக்காமல் போகலாம்.

ஆகவே நமக்கு மூன்றாவது வழிதான், ஆனால் கூர்மையாக்கி. எந்த அரசின் ஒப்பந்தமானாலும் முழு வாசகமும் பொதுவில் இருக்க வேண்டும், தொகை பெரிதோ சிறிதோ. ஆசிரியரைத் தேர்வதும் பாடத்திட்டம் வகுப்பதும் இங்குள்ள கல்வி நிறுவனத்திடமே இருக்க வேண்டும். பள்ளிகளுக்கு இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் மன்றத்தில் பதியாமல் இங்கே யாரும் கற்பிக்க முடியாது. 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் பள்ளி நிர்வாகக் குழு தன் பணத்தில் கூடுதல் ஆசிரியரை நியமிக்க அனுமதிக்கிறது. வெளிநாட்டு நன்கொடை அந்தக் கணக்கில் போகட்டும். ஆளைக் குழுவே நேர்காணல் செய்து எடுக்கட்டும்.

இந்தியா என்றால் விதிவிலக்கா? கூடாது. சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ புத்தகம் வந்தால் கைநீட்டி வாங்குவோம். ஆனால் டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தின் பிள்ளைகளுக்கு 1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் வந்ததையும் கரும்புத் தோட்டத்தையும் எப்படிச் சொல்வது என்று இங்குள்ள ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தியாவுக்குச் சலுகை கேட்டுவிட்டு மாண்டரினை மட்டும் எதிர்த்தால், சாட்டு வைத்த வாதத்தை நாளை நம் மீதே திருப்புவார்கள். நம்மிடம் பதில் இருக்காது.

நம் அரசையும் விடக்கூடாது. அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு தமிழின் பெயரைச் சொல்லி, அதை வளர்க்க வேண்டும் என்கிறது. மாகாணக் கல்வித்துறை தமிழ் ஆசிரியர் பணியிடங்களுக்குச் சம்பளம் ஒதுக்கினால், எந்தத் தூதரகத்தின் வாசலிலும் நாம் நிற்க வேண்டியதில்லை. பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் இதை எழுத்தில் கேளுங்கள், அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே.