ஹனோய் – டா நாங் இரவு ரயில்: மேல் பெர்த் மட்டும் வேண்டாம்

வியட்நாமில் முதுகுப்பையோடு பத்து நாள் சுற்றியதில் பஸ், பைக், படகு எல்லாம் பார்த்தாச்சு. யாராவது கேட்டால் நான் கை காட்டப்போவது ஹனோயிலிருந்து டா நாங் போகும் இரவு ரயிலைத்தான். 791 கிலோமீட்டர், எப்படியும் பதினாறு மணி நேரம் ஆகும். விமானத்தில் ஒன்றரை மணிகூட ஆகாது, தெரியும். அவசரம் இல்லாதவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் நான் சொதப்பியது. கூட வந்த நண்பன் வியட்நாம்காரன், "டிக்கெட் நான் போடுகிறேன்" என்று படித்துப் படித்துச் சொன்னான். நான் கேட்காமல் ஏதோ ஒரு இடைத்தரகு தளத்தில் போய், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விலை கொடுத்து, கீழ் பெர்த் கேட்டு மேல் பெர்த் வாங்கினேன். ரயில்வேயின் சொந்தத் தளத்திலேயே எந்தப் படுக்கை காலி என்று படத்தில் பார்த்து எடுக்கலாமாம். அவன் திட்டவில்லை, சிரித்தான். அதுதான் கடுப்பாக இருந்தது.

சாஃப்ட் ஸ்லீப்பர் என்றால் அறைக்கு நாலு பேர், ஹார்டு ஸ்லீப்பர் என்றால் ஆறு பேர். நாங்கள் போனது ஹார்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெல்லிய மெத்தை உண்டு. நம்மூர் மூன்றடுக்கு மாதிரிதான், ஆனால் சைடு பெர்த் கிடையாது, சாத்திக்கொள்ளக் கதவு உண்டு. மூன்றாவது தட்டில் உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். அப்புறம் இது மீட்டர்கேஜ் பாதை. பழைய ராமேஸ்வரம் வண்டியில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் நினைவிருக்கும், மேலே போகப் போக அது இரட்டிப்பு.

சாப்பாட்டுக்கு நண்பன் இல்லாவிட்டால் நான் பிஸ்கட்டோடு படுத்திருப்பேன். "காய்கறி மட்டும்" என்று கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் நுவாக் மாம் என்கிற மீன் சாறும் சேர்ந்தே வரும். "ஆன் சாய்" என்று சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமிக்குப் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். அதேபோல் அங்கே யாரையும் வயசு பார்த்து உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று நம்மைப் போலவே. அக்காவைக் கூப்பிட "சி ஓய்!" தள்ளுவண்டியில் காபி விற்ற அம்மாவை நண்பன் அப்படிக் கூப்பிட்டபோது, நாஞ்சில் நாட்டுக்காரனான எனக்கு அவன் யாரையோ சண்டைக்கு இழுக்கிறான் என்றே பட்டது.

ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும், என் காலைப் பிடித்து உலுக்கினான். வின் ஸ்டேஷன், அவன் சொந்த ஊர். வண்டி நின்ற சில நிமிடத்தில் இறங்கிப் போனோம். பிளாட்பாரத்தில் அவன் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார், கையில் வாழையிலைப் பொட்டலம். எனக்காகவே சைவமாகச் செய்தது: வேர்க்கடலை போட்டு அவித்த பசையரிசிச் சோறு, தனியாக ஒரு தாளில் உப்பு சேர்த்து இடித்த எள்ளுப்பொடி. கையில் சூடு தாங்கவில்லை. அவர் என்னிடம் ஏதோ கேட்டார், நான் தலையாட்டினேன், இருவரும் சிரித்துவிட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாராம். ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன் போல.

காலையில் ஹூவே தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள். டா நாங் போகும் திசையில் இடப்பக்கம்தான் கடல். ஹாய் வான் மலையைச் சாலை 2005ல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கத்தில் கடந்துவிடுகிறது, பஸ்ஸில் போனால் அந்த இடத்தில் கடலே தெரியாது. ரயில் மட்டும் மலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னக் குகைகளுக்குள் புகுந்து புறப்பட்டு, நிதானமாகப் போகிறது. வளைவுகளில் நம் வண்டியின் எஞ்சினே முன்னால் தெரியும், கீழே அலை. ஹூவேயிலிருந்து 103 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் எடுப்பது ஏன் என்று அப்போது புரியும், யாரும் குறை சொல்லவில்லை.

ரயில் பெட்டியின் கோடியில் வெந்நீர் உண்டு, கப் நூடுல்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். பெர்த் கீழேயோ நடுவிலோ எடுங்கள். முழு ராத்திரி வேண்டாம், கடல் மட்டும் போதும் என்றால் 2024 மார்ச் முதல் ஹூவே – டா நாங் இடையே தனியாக ஒரு சுற்றுலா ரயிலும் விட்டிருக்கிறார்கள். ஆனால் அது வின் வழியாகப் போகாது.