அச்சில் உள்ள பட்டியலா, ஆட்கள் சொல்லும் பட்டியலா?

புரோகிராமருக்கு "வேலை தெரியும்" என்று எதை வைத்துச் சொல்வது? மதுரையில் பயிற்சி மையம் நடத்துபவருக்கு இரண்டு வழி. ஒன்று, 2013இல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை ஒட்டிய தொழில் தரங்கள், அதாவது ஒரு வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல்கள், தயாராகவே இருக்கின்றன. எடுத்துப் பாடம் நடத்தலாம், சான்றிதழுக்கும் வசதி.

இரண்டாவது, டேக்கம் (DACUM) முறை. வேலை செய்பவர்களையே கேட்டுப் பட்டியல் போடுவது, இது வேறு மாதிரி. 1960களின் கடைசியில் கனடாவில் பிறந்தது. அனுபவமுள்ள 5 முதல் 12 பேர் வழக்கமாக இரண்டு நாள் உட்கார்ந்து, தாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். "ஜாவா தெரியும்" என்ற அட்டை செல்லாது, அது வேலையே அல்ல. "அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடித்துத் திருத்துதல்" செல்லும்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களிலிருந்து ஆட்களை இரண்டு நாள் பிடித்துவைப்பதுதான் பெரும்பாடு. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். சான்றிதழ் கட்டாயம் என்றால் மட்டும் முதலாவது.